மலை ஊரில் வைத்த கைநாட்டு

1

வெளிநாட்டிலிருந்து ஒருவன் எழுதினால் பனி, மாடி பஸ், மெழுகுபோல் வழுக்கும் சாலை என்று எழுதுவான் என ஊரில் எதிர்பார்ப்பார்கள். அதெல்லாம் வந்து இரண்டு வருடம் ஆனவர்கள் எழுதுகிற சங்கதி. நான் வந்து பதினோரு வருடம் முடிந்துவிட்டது. பனியைப் பார்த்தால் வாசலை யார் தள்ளிச் சுத்தம் செய்வது என்ற எரிச்சல்தான் வருகிறது. ஆகவே ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சென்ற வருடத்துச் சனிக்கிழமை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு ஃபவுண்டரியில் எனக்கு ஃபிட்டர் வேலை. ஜூலைக் கடைசியில் ஃபவுண்டரியை இரண்டு வாரம் மூடுவார்கள். மூடிய முதல் சனிக்கிழமை தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடிப்பார்கள். காலையில் கிளம்பி வேல்ஸ் பக்கத்தில் ஒரு மலை ஊருக்குப் போய், பகலெல்லாம் அங்கே இருந்துவிட்டு மாலையில் திரும்ப வேண்டும். அறுபத்துமூன்றில் நான் கப்பலை விட்டு இறங்கியதும் அதே வாரம்தான். அதனால் அந்தப் பயணம் எனக்கு ஒரு வருடாந்திரச் சடங்கு மாதிரி. மற்றவர்கள் பீர் குடிக்கப் போவார்கள். நான் எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணப் போவேன்.

அந்த ஊரின் பெயரைச் சொல்ல என் நாக்கு இன்னும் வளையவில்லை. என் மகள் பத்துத் தடவை திருத்திவிட்டுக் கைவிட்டுவிட்டாள். நான் மலை ஊர் என்றே சொல்கிறேன். ஒரு ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் கருங்கல் வீடுகள், ஒரு தேவாலயத்தின் கூர்க்கோபுரம், நான்கு கடை, ஒரு தபால் நிலையம். அவ்வளவுதான். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சென்ற வருடம் போனபோது என் சட்டைப் பையில் அண்ணனின் கடிதம் இருந்தது. பழைய முகவரிக்குப் போய், அங்கே யார் வீட்டிலோ ஐந்து வாரம் கிடந்து, வெள்ளிக்கிழமைதான் என் கைக்கு வந்தது. அண்ணன் என்னிடம் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார். ‘இனி வரமாட்டேன்’ என்று என் கையால் எழுதி, கீழே இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து அனுப்ப வேண்டும். ஆவணிப் பௌர்ணமிக்குள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அந்தச் சனிக்கிழமையே தபாலில் போட்டாக வேண்டும்.

2

இது இன்ன வழக்கம் என்று வயல்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

நாங்கள் பழவேற்காடு ஏரியில் வலை கட்டுகிறவர்கள். ஏரியில் இறால் ஓடும் இடங்கள் சிலதான். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி, சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு, அவன் பெயர் ஊர் நோட்டில் ஏறும், ஏறினால்தான் சீட்டு. எங்கள் குப்பத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு பெயருக்கு மேல் கிடையாது. எங்கள் வீட்டு இரண்டு பெயர், அண்ணன் முனுசாமியும் நானும்.

நோட்டிலிருந்து பெயரை எடுக்க இரண்டே வழி. ஒன்று, ஆள் சாக வேண்டும். மற்றது, அவனே ஊர் முன்னால் நின்று இனி வரமாட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். தூரத்தில் இருப்பவன் எழுதி அனுப்பலாம். ஆனால் எழுத்தை ஊர் நம்பாது, யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள் என்று. பெருவிரலைத்தான் நம்பும்.

அண்ணன் மகன் மாரிக்குத் தை மாதம் கல்யாணம் ஆகிவிட்டது. அதுவரை எளாவூர் செக்போஸ்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவன் ஏரிக்குத் திரும்ப நினைக்கிறான். என் பெயர் இறங்கினால்தான் அவன் பெயர் ஏறும்.

அதில் அநியாயம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. அண்ணன் அநியாயமாக எதையாவது கேட்டிருந்தால் நான்கு பக்கம் திட்டி எழுதியிருப்பேன்.

3

இந்த அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வந்த மூன்றாம் வருடம் மனைவியையும் குழந்தையையும் வரவழைக்க விண்ணப்பம் போட்டேன். கல்யாணம் ஆனதற்குச் சான்று கேட்டார்கள். எங்கள் குப்பத்தில் கல்யாணத்துக்கு மேளம் உண்டு, பந்தல் உண்டு, சண்டை உண்டு; காகிதம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி, “அப்படியானால் இவர் உங்கள் மனைவி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

கடைசியில் கைகொடுத்தது ஊர் நோட்டுதான். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘சம்சாரம் அஞ்சலை’ என்று எழுதியிருந்தது. அண்ணன் அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதி வாங்கி, மணியக்காரரிடம் கையெழுத்து வாங்கி, அதன்மேல் ஒரு பெரிய முத்திரை வேண்டும் என்றதற்காகத் திருவள்ளூருக்கு மூன்று முறை நடந்தார். அதிகாரி இல்லாத நாட்களில் மணவாள நகரில் தெரிந்தவர் வீட்டில் படுத்து எழுந்து மறுபடி போய் நின்றார். அந்தக் காகிதம் வந்த பிறகுதான் அஞ்சலை என் மனைவி என்று இந்த நாடு ஒப்புக்கொண்டது.

அந்தப் பெயரைத்தான் இப்போது எடுக்க வேண்டும்.

4

பஸ்ஸில் அஞ்சலை ஜன்னலோரம், நடுவில் நான், வழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் மகள். மகளுக்கு என் அம்மாவின் பெயர், பூங்காவனம். பள்ளிக்கூடத்தில் அதைப் பூங்கா ஆக்கி, பிறகு பேம் என்ற இங்கிலீஷ் பெயர் ஆக்கிவிட்டார்கள். பன்னிரண்டு வயது. நான்கு வயதில் வந்தபோது கருவாடு கேட்டு அழுத பிள்ளை, இப்போது அம்மா புளிச்சோறு கட்டினால் பஸ்ஸில் பிரிக்கக் கூடாது என்று கட்டளை போடுகிறாள். அஞ்சலையும் மூன்று வருடமாக ரொட்டிக்கு நடுவில் வெள்ளரிக்காய் வைத்து எடுத்து வருகிறாள். அதைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் ரசஞ்சோறு சாப்பிடுவோம். மகளுக்கு வெள்ளரிக்காயே போதும்.

நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் பக்கத்தில் ஆள் இருந்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். குற்றம் சொல்லி என்ன பயன்? ஃபவுண்டரியில் என் மேஸ்திரி பேசும்போது நானும் அப்படித்தான் ஆட்டுகிறேன்.

மலைகள் தெரியத் தொடங்கியதும் அஞ்சலை கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். படித்துக் காட்டினேன். அண்ணன் எழுதி முடித்த இடத்தில் மாரி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘சித்தப்பா, நீங்க கோச்சுக்காதீங்க.’

“எழுதிடு மாமா,” என்றாள் அஞ்சலை.

“பாக்கலாம்.”

“இன்னா பாக்கறது? மலையா?”

5

ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் அண்ணன் என்னோடு புதுவாயல் கூட்டுரோடு வரை வந்தார். மெட்ராஸ் போகிற லாரிக்காகக் காத்திருந்தோம். தகரப்பெட்டி அவர் தோளில்தான் இருந்தது, இறக்கி வை என்றால் கேட்கவில்லை. டீக்கடையில் நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிடும்போதுதான் கேட்டார்.

“ஏகா, வடக்கால கட்ற எடத்துக்குக் குறி இன்னான்னு சொல்லிட்டுப் போடா.”

எங்கள் ஏரி தட்டையான தண்ணீர். நடுவில் நின்றால் எது எங்கே என்று தெரியாது. மேற்கே, தரை முடிகிற இடத்தில், நீலமாக ஒரு மலை தெரியும். அந்த மலையில் ஓர் இடத்தையும் கரையில் ஒரு மரத்தையும் நேர்க்கோட்டில் வைத்துக்கொண்டு படகை நிறுத்தினால், கீழே இறால் ஓடும் பள்ளம் இருக்கும். அதுதான் குறி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. அடுத்த வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். எங்கள் நைனா வடக்குப் பக்கத்துக்கு என்னைத்தான் கூட்டிப் போவார், அண்ணன் தெற்குப் பக்கம். நைனா செத்த பிறகு எங்கள் வீட்டில் வடக்குக் குறி தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த மலைக்கு நாங்கள் யாரும் போனதில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அது அங்கே இருந்தால் போதும்.

“ரெண்டு வருசத்துல வந்துடுவேண்ணா,” என்றேன். “நானே வந்து காட்றேன்.”

“அதுவரிக்கும் சீட்டுல வடக்கு விழுந்தா நான் எங்க போய் வல கட்றது?”

“தெக்கால விழுந்த ஆளு யார்கிட்டனா மாத்திக்க.”

அண்ணன் என் முகத்தையே பார்த்தார். “நைனா உன்கிட்ட மட்டும் சொல்லிட்டாருன்னு உனுக்கு ஒரு மெதப்புடா,” என்றார். அப்புறம் லாரி வந்துவிட்டது. பெட்டியை ஏற்றிவிட்டு, லாரி கிளம்பும் வரை நின்றார்.

அவர் சொன்னது சரி. ஆனால் மிதப்பு மட்டும் இல்லை. குறி என்னிடம் இருக்கிற வரை ஊருக்கு நான் தேவை என்று நினைத்தேன். நான் இல்லாமல் வடக்கில் எங்கள் வீட்டு வலை இறங்காது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். பதினோரு வருடம் அண்ணன் சீட்டில் வடக்கு விழும்போதெல்லாம் எவனிடமோ கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டு, பாதி இறாலுக்கு ஒப்புக்கொண்டு வலை கட்டினார். கடிதத்தில் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. மறுபடி குறியையும் கேட்கவில்லை.

6

மலை ஊரில் ஏரிக்கரையில் நான் உட்காருவதற்கென்று ஓர் இடம் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் வருடம் தனியாக வந்தபோது யாரோடும் பேச முடியாமல் கரையோரம் நடந்துகொண்டிருந்தேன். எதிரே மலை. அதற்கு இரண்டு உச்சி, நடுவில் சேணம்போல ஒரு பள்ளம். நடக்க நடக்கத் தேவாலயக் கோபுரம் நகர்ந்து நகர்ந்து வந்து சரியாக அந்தப் பள்ளத்தில் நின்றது. சட்டென்று கால் நின்றுவிட்டது. படகில் நிற்பதுபோல் இருந்தது. இதோ நம் பாடு என்று வாய்விட்டுச் சொன்னேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அன்றைக்கு அது இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தைக் கண்டுபிடித்து நிற்பேன். மகள் சிறியவளாக இருந்தபோது அதை விளையாட்டாக்கினேன். “கோபுரத்தப் பள்ளத்துல குந்த வை பாக்கலாம்,” என்பேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்து, “குந்திச்சு!” என்று கத்துவாள். இப்போது அந்த இடத்தில் ஒரு பெஞ்சு போட்டுவிட்டார்கள். மகள் எட்டு வயதோடு விளையாட்டை நிறுத்திவிட்டாள். சென்ற வருடம் முதுகை மலைக்குக் காட்டி உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலை ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“இன்னா மாமா, பேப்பர எடுக்கப்போறியா, இல்ல அப்பிடியே குந்திக்கினு இருக்கப்போறியா?”

“ஒரு வரிதான் அஞ்சல. கை வரமாட்டேங்குது.”

“பதினோரு வருசமா அடுத்த வருசம், அடுத்த வருசம்னு சொல்லிக்கினு கீற. ஊருக்குப் போவப் பொட்டிகூட வாங்கின. அதுல இன்னா கீது தெரியுமா? உன்னோட கம்பளி சொக்காயும் பூங்காவோட பழைய ஷூவும்தான் கீது.”

“காசு சேரட்டும்னுதான்...”

“காசு ரெண்டு தபா சேந்துச்சு. ஒரு தபா கார் வாங்கின. ஒரு தபா ஊடு வாங்கின. நான் இன்னா வேணான்னா சொன்னேன்? எனுக்கும் இங்க ஹீட்டர் இல்லாம தூக்கம் வராது. ஆனா பொய் சொல்லாத மாமா. நம்ம மாரிய கட்டிக்கினு வந்த பொண்ணு எத்தினி நாளிக்கு மாமனார் சீட்டுல சோறு துண்ணும்?”

எனக்குக் கோபம் வந்தது. நீ சுலபமாகச் சொல்லிவிடலாம், பெயர் போகிறது எனக்கல்லவா என்றேன்.

“என் பேரும் உன் பேருக்குப் பக்கத்துலதான கீது?” என்றாள் அஞ்சலை. “அதுவும் சேந்துதான் போவுது.”

அதை நான் யோசித்திருக்கவில்லை. எட்டு வருடம் முன்னால் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்த வரி அது. நான் மட்டும்தான் எதையோ இழக்கிறேன் என்று காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

7

தபால் நிலையம் மதியத்தோடு மூடிவிடும் என்பதால் மூன்று பேரும் நடந்தோம். நீல நிற ஏர்லெட்டர் ஒன்று வாங்கி, அங்கேயே பலகையில் வைத்து எழுதினேன். ‘ஊர்ப் பெரியவர்களுக்கு ஏகாம்பரம் எழுதிக்கொள்வது. நான் இனி வரமாட்டேன். என் இடத்தில் அண்ணன் மகன் மாரி வரட்டும்.’ ஒரு வரி கேட்டார்கள்; மூன்று வரி ஆகிவிட்டது.

அதன் கீழே அண்ணனுக்குத் தனியாக எழுதினேன். ‘அண்ணா, நீங்கள் புதுவாயலில் கேட்டதை இப்போது சொல்கிறேன். மாரியிடம் மட்டும் சொல்லுங்கள். மலையில் இரண்டு உச்சிக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் கரையிலிருக்கிற ஒற்றை அரசமரம் போய் நிற்க வேண்டும். அங்கே படகை நிறுத்தச் சொல்லுங்கள்.’ எழுதும்போது மனம் லேசாகிவிட்டது. இத்தனை வருடம் மூடி வைத்திருந்ததைக் கொடுக்கிறோம், இனி அண்ணன் முகத்தை நினைத்துப் பார்க்கலாம் என்று இருந்தது. அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

கடைசியில் ரேகை. ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற மைப்பெட்டியைத் தரமுடியுமா என்று கவுன்டரில் இருந்த அம்மாளிடம் கேட்டேன். எதற்கு என்றார். பெருவிரலைக் காட்டினேன். அவர் முகம் உடனே இளகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, உங்களுக்கு எழுத வராதென்றால் நான் எழுதித் தருகிறேன், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். நல்ல அம்மாள். என் கையில் எழுதி முடித்த ஏர்லெட்டர் இருந்தது. அந்த எழுத்தும் எழுத்துதான் என்று அவருக்குத் தெரியவில்லை.

விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். பாடு, தலைக்கட்டு, ஊர் நோட்டு. எதற்கும் ஆங்கிலத்தில் வார்த்தை வரவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஃபவுண்டரி ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். மகளைப் பார்த்தேன், அவள் சொல்லட்டும் என்று. அவள் காது வரை சிவந்துபோய், வாழ்த்து அட்டைகள் மாட்டியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களோடு வராதவள் மாதிரி நின்றாள்.

“தேங்க் யூ,” என்று மட்டும் சொல்லிவிட்டு மையில் விரலை ஒற்றி வைத்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் வகுப்பில் தேறியவன் நான்.

வெளியே வந்ததும் அஞ்சலை தன் முந்தானையால் என் விரலைத் துடைத்தாள். போகவில்லை. மாலையில் பஸ் ஏறினோம். பஸ்ஸில் மகள் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தமிழில், “அப்பா, சாரிப்பா,” என்றாள். அதில் பாதிதான் தமிழ். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

8

மாரியின் கடிதம் கார்த்திகையில் வந்தது. அதைத்தான் இப்போது எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆவணிப் பௌர்ணமியன்று ஊர் கூடியதாம். என் கடிதத்தைப் படித்தார்களாம். ரேகையைக் கைக்குக் கை வாங்கிப் பார்த்தார்களாம். என் பெயரை அடித்துவிட்டு மாரி பெயரை எழுதினார்களாம், பக்கத்தில் அவன் பெண்டாட்டி பெயர். அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லையாம். அதற்கப்புறம் இப்படி எழுதியிருந்தான்:

‘சித்தப்பா, சீட்டுல வடக்குதான் விழுந்துச்சு. இனிமே யார்கிட்டயும் மாத்திக்க வேணாம், நம்ம குறி வந்துடுச்சுன்னு அப்பா ஊரெல்லாம் சொன்னாரு. நீங்க எழுதின மாதிரியே நானும் அப்பாவும் விடிகாலையில போனோம். மூணு நாளு சுத்தினோம். மொத முறை, ஒரு இறாலு இல்ல, சேறுதான் வந்துச்சு. பக்கத்துப் படகுக்காரங்க சிரிச்சாங்க. அப்பா வலையில சேத்த அலசிக்கிட்டு இருந்தாரு. எனக்குத்தான் ஒண்ணு கேக்கணும். நீங்க எழுதினது எந்த மலை சித்தப்பா? நம்ம மலையில பள்ளமே கிடையாதே. அது படுத்த மாடாட்டம் ஒரே நீட்டா இல்ல இருக்குது?’

படித்துவிட்டுக் கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டு உச்சி, நடுவில் பள்ளம். திறந்தேன். மறுபடி மூடினேன். நைனா படகின் முனையில் நிற்கிறார், கையை நீட்டுகிறார், விரல் தெரிகிறது. விரல் காட்டுகிற இடத்தில் அதே இரண்டு உச்சி, அதே பள்ளம். அரசமரம்கூடத் தேவாலயக் கோபுரம்போலக் கூராகத்தான் நிற்கிறது.

அஞ்சலையைக் கேட்டேன். பெண்கள் எங்கே மாமா படகில் வந்தோம் என்றாள். வேறு யாரைக் கேட்பது? அண்ணனிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்று நான் அவரைக் கேட்டிருக்கலாம்.

தபால் நிலையத்தில் ‘இனி வரமாட்டேன்’ என்று எழுதியபோது, அது மாரிக்காக எழுதுகிற வார்த்தை, நிஜத்தில் ஒருநாள் போவோம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். இந்த வருடமும் ஃபவுண்டரி மூடப் போகிறது. மலை ஊருக்கு அஞ்சலை பெயர் கொடுத்துவிட்டாள், இரண்டு பேருக்கு. மகள் வரவில்லையாம், சிநேகிதிகளோடு வேறெங்கோ போகிறாளாம்.

மாரிக்கு நேற்றுதான் பதில் எழுதினேன். ‘எனக்கு மறந்துவிட்டது, ஊரில் யாரையாவது கேட்டுக்கொள்’ என்று. எங்கள் வீட்டுக் குறியை ஊராரிடம் போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ரேகை வேண்டியிருக்கவில்லை.